கண்காட்சி குழந்தைக்கா, பெற்றோருக்கா?

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்துவிட்டால் போதும். வீடு இரண்டுபடும்!

"நாளை மறுநாள் மாடல் கொண்டுபோக வேண்டும்" என்று பையன் சொல்வான். தகப்பனார் கடைக்கு ஓடுவார். தெர்மாகோல் வாங்குவார். பசை வாங்குவார். வண்ண அட்டை வாங்குவார். இரவு 11 மணிக்கு அண்ணன் வெட்டுவான். அம்மா ஒட்டுவாள். அத்தை எழுத்து எழுதுவாள். யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ, அந்தப் பையன் மட்டும் மூலையில் தூங்கிக்கொண்டிருப்பான்!

மறுநாள் அந்த மாடல் மேஜை மேல் பளபளவென்று நிற்கும். பார்க்கிறவர்கள் "ஆகா!" என்பார்கள். நடுவர் வருவார். "தம்பி, இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்பார்.

பையன் திருதிருவென்று விழிப்பான்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடக்கும் கதை அல்ல. வீட்டுக்கு வீடு நடப்பதுதான். இதற்காகப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளை நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்ற பாசம்தான் அவர்களை அப்படிச் செய்ய வைக்கிறது. ஆனால் குழந்தையின் வேலையைப் பெற்றோர் செய்துவிட்டால், குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய லாபமும் கிடைக்காமல் போய்விடுகிறது.

விஞ்ஞானக் கண்காட்சி குழந்தைக்காக நடப்பது. அதில் குழந்தையின் கைதான் வேலை செய்ய வேண்டும். பெற்றோர் உதவலாம், உதவவும் வேண்டும். ஆனால் எப்படி உதவுவது என்று தெரிந்து உதவ வேண்டும்.

கடையில் வாங்கிய எரிமலை

இப்போது இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. செய்து முடித்த மாடல்கள் கடையிலேயே கிடைக்கின்றன. எரிமலை வேண்டுமா? இருக்கிறது. காற்றாலை வேண்டுமா? இருக்கிறது. காசைக் கொடுத்தால் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இதனால் இரண்டு கெடுதல்கள் உண்டாகின்றன.

வாங்கி வந்த குழந்தை, "நாமே செய்யத் தேவையில்லை, பணம் இருந்தால் போதும்" என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. இது முதல் கெடுதல்.

வாங்க முடியாத குழந்தை, "விஞ்ஞானம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறது. இது இரண்டாவது கெடுதல். முதலாவதைவிட இதுதான் பெரிய கெடுதல். ஒரு கூலித் தொழிலாளியின் மகள் வெறுங்கையோடு பின்வரிசையில் நிற்க நேர்ந்தால், அவளுக்கு அந்தக் கண்காட்சியால் என்ன பயன்?

உண்மையில், விஞ்ஞானத்தின் முதலீடு பணம் அல்ல, கேள்வி! "ஏன்?" என்ற ஒரு சொல்லுக்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. இதற்குச் சாட்சி சொல்ல உலகத்தில் பலர் இருக்கிறார்கள்.

சிரித்தார்கள், அவன் விடவில்லை!

ஆப்பிரிக்காவில் தான்சானியா என்று ஒரு நாடு. அப்போது அதற்குத் தாங்கனீக்கா என்று பெயர். அங்கே 1963-ம் ஆண்டு, எராஸ்டோ ம்பெம்பா என்ற மாணவன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பள்ளி மாணவர்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, ஆற வைத்து, குளிர்ப் பெட்டிக்குள் வைத்து ஐஸ் கிரீம் செய்வார்கள். ஒரு நாள் பெட்டியில் இடம் பிடிக்கப் போட்டி. ஆற வைக்க நேரமில்லை. ம்பெம்பா சூடான பாலையே உள்ளே வைத்துவிட்டான். இன்னொரு பையன் பாலைக் காய்ச்சாமலே வைத்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். சூடாக வைத்த பால் உறைந்திருந்தது! காய்ச்சாத பால் இன்னும் உறையவில்லை!

"இது எப்படி?" என்று ம்பெம்பா ஆசிரியரைக் கேட்டான். "நீ குழம்பிப் போயிருக்கிறாய்" என்று பதில் வந்தது. பிறகு வேறு பள்ளிக்குப் போனான். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டான். அங்கேயும் கேலிதான் கிடைத்தது.

பிற்பாடு டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பௌதிகப் பேராசிரியர் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். ம்பெம்பா எழுந்து அதே கேள்வியைக் கேட்டான். மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. தமது ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கச் செய்தார். 1969-ம் ஆண்டு இருவர் பெயரும் போட்டு ஒரு கட்டுரை வெளிவந்தது.

சூடான நீர் எல்லாச் சமயத்திலும் முந்தி உறைவதில்லை. எப்போது உறையும், ஏன் உறையும் என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனாலும் அந்த விவாதத்துக்கு இன்று "ம்பெம்பா விளைவு" என்றுதான் பெயர். ஒரு பள்ளி மாணவனின் பெயர்!

அந்தப் பையனிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. கண்ணால் கண்டதைக் கைவிடாத பிடிவாதம் இருந்தது. அவ்வளவுதான்.

ஓர் அட்டை, ஒரு காசு!

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் எமிலி ரோசா என்று ஒரு சிறுமி. அப்போது அவளுக்கு வயது 9. நான்காம் வகுப்பு. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவளும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

அந்த நாட்டில் ஒருவகை வைத்தியம் நடந்துவந்தது. நோயாளியைத் தொடாமலே, உடம்புக்கு மேலே கையை வீசி நோயைத் தீர்ப்பதாகச் சொன்னார்கள். "மனித உடம்பிலிருந்து ஒரு சக்தி வருகிறது. அது எங்கள் கைக்குத் தெரியும்" என்றார்கள்.

எமிலி யோசித்தாள். "கைக்குத் தெரியும் என்றால், கண்ணை மறைத்தாலும் தெரிய வேண்டும் அல்லவா?"

ஓர் அட்டையை நிறுத்தினாள். அதில் இரண்டு ஓட்டைகள் போட்டாள். வைத்தியர் அந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். இந்தப் பக்கம் எமிலி. அவள் ஒரு காசைச் சுண்டிப் பார்த்து, வலது கையா, இடது கையா என்று முடிவு செய்வாள். அந்தக் கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள். தொட மாட்டாள். "என் கை எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்பாள்.

மொத்தம் 21 பேர் சோதனைக்கு உட்பட்டார்கள். 280 தடவை கேட்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொன்னாலே 140 தடவை சரியாக இருக்கும். அவர்கள் சரியாகச் சொன்னது 123 தடவைதான்!

1998-ம் ஆண்டு இந்தச் சோதனை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையிலேயே வெளிவந்தது. அப்போது எமிலிக்கு வயது 11.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எமிலியின் தாயார் ஒரு நர்ஸ். கட்டுரையை எழுதுவதில் அவரும் மற்றப் பெரியவர்களும் கூட இருந்தார்கள். ஆனால் காசைச் சுண்டியதும், கையை நீட்டியதும், கேள்வி கேட்டதும் குழந்தைதான். பெரியவர்கள் உதவ வேண்டிய முறை இதுதான்.

கேள்வி வீட்டிலேயே இருக்கிறது

"அதெல்லாம் படித்த பெற்றோருக்குச் சரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் பிள்ளைக்கு எப்படி விஞ்ஞானம் சொல்லித் தர முடியும்?" என்று சிலர் கேட்கலாம்.

சொல்லித் தர வேண்டாம். வேலை செய்கிற இடத்தைக் காட்டினால் போதும்!

இட்லி மாவு குளிர்காலத்தில் ஏன் சீக்கிரம் புளிப்பதில்லை என்பது தாய்க்குத் தெரிந்த கேள்வி. எந்த மண்ணில் தண்ணீர் நிற்கும், எந்த மண்ணில் ஓடிவிடும் என்பது விவசாயிக்குத் தெரிந்த கேள்வி. கான்கிரீட் போட்ட பிறகு ஏன் நாள்தோறும் தண்ணீர் விடுகிறார்கள் என்பது கொத்தனாருக்குத் தெரிந்த கேள்வி. எந்தத் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்பது நெசவாளிக்குத் தெரிந்த கேள்வி. இவை ஒவ்வொன்றும் ஒரு கண்காட்சிக்குப் போதும்!

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற மாணவி, தெருவில் துணி தேய்க்கும் வண்டியைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எரிகிறது. எரிந்த கரி குப்பையில் கொட்டப்படுகிறது. "கரிக்குப் பதில் வெயிலைக்கொண்டு தேய்க்க முடியாதா?" என்று கேட்டாள். சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தாள். 2020-ம் ஆண்டு, 14 வயதில், சுவீடன் நாட்டில் வழங்கப்படும் சிறுவர் பருவநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ நகரில் நடந்த உலக மாநாட்டிலும் பேசினாள்.

அந்த வண்டியைத் தினமும் ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். கேள்வி கேட்டது ஒருத்திதான்!

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் கதையும் இதுவே. 1921-ம் ஆண்டு கப்பலில் வரும்போது, "கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது?" என்று கேட்டார். வானத்தின் நிழல்தான் என்று பெரியவர்கள் சொல்லியிருந்த விடை அவருக்குத் திருப்தி தரவில்லை. அந்தக் கேள்வியில் தொடங்கிய ஆராய்ச்சி, 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பெரிய கண்டுபிடிப்பில் முடிந்தது. 1930-ம் ஆண்டு நோபல் பரிசும் வந்தது. 1987-ம் ஆண்டு முதல் பிப்ரவரி 28-ந் தேதிதான் தேசிய விஞ்ஞான தினம். பல பள்ளிகளில் கண்காட்சி நடப்பதும் அந்த நாளையொட்டித்தான்!

பானையும் சொம்பும்

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எப்படிச் சோதனை செய்வது? ஓர் உதாரணம் பார்க்கலாம்.

"பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது?" எல்லா வீட்டுக் குழந்தைகளும் கேட்கக்கூடிய கேள்வி இது.

"மண் குளிர்ச்சி" என்று பாட்டி சொல்வாள். பாட்டி சொல்வது சரியா என்று பார்த்துவிடலாம்.

தேவையான பொருள்கள் மூன்று. ஒரே அளவுள்ள இரண்டு புது மண்பானைகள். அதே அளவுள்ள ஓர் எவர்சில்வர் பாத்திரம். இரண்டு பானைகளில் ஒன்றுக்கு மட்டும் வெளிப்புறம் முழுவதும் இரண்டு பூச்சு பெயின்ட் அடித்துக் காய விட வேண்டும். இந்தப் பானைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

முதல் நாள் இரவே இரண்டு பானைகளிலும் தண்ணீர் ஊற்றி ஊற விட வேண்டும். காலையில் அதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு ஒரே வாளியிலிருந்து மூன்றிலும் 2 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்ற வேண்டும். மூன்றையும் நிழலில், காற்று வரும் இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டால் மூட வேண்டும்.

காலை 8 மணி, 10 மணி, பகல் 12 மணி, 2 மணி, 4 மணி என்று ஐந்து தடவை வெப்பத்தை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது மனித உடம்பின் சூட்டைக் காட்டத்தான் ஏற்பட்டது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, கண்ணுக்கு நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும்.

மாலையில் இன்னொரு வேலை உண்டு. மூன்றிலும் மிச்சமிருக்கும் தண்ணீரை அளந்து எழுத வேண்டும். இப்படி மூன்று நாள் செய்ய வேண்டும்.

என்ன தெரியும்? பெயின்ட் அடிக்காத பானைத் தண்ணீர் மற்ற இரண்டையும்விடக் குளிர்ந்திருக்கும். பெயின்ட் அடித்த பானையும் மண்தானே? அது ஏன் அவ்வளவு குளிரவில்லை? அங்கேதான் விடை இருக்கிறது!

மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து காற்றில் ஆவியாகிறது. ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொண்டு போகிறது. பெயின்ட் அந்தத் துளைகளை அடைத்துவிட்டது. கசிவு நின்றது, குளிர்ச்சியும் குறைந்தது.

ஒரு கிராம் தண்ணீர் சாதாரண வெப்பத்தில் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி சூடு வேண்டும். 10 கிராம் ஆவியானால் 5,800 கலோரி. அது முழுவதும் உள்ளே இருக்கும் 2 லிட்டர் தண்ணீரிலிருந்தே போனால், தண்ணீர் ஏறக்குறைய 3 டிகிரி குளிர்ந்துவிடும். வெளிக்காற்றின் சூடும் உள்ளே வந்துகொண்டிருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே குளிரும். மாலையில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று அளக்கச் சொன்னது இதற்காகத்தான்!

ஆக, பாட்டி சொன்னது பாதி சரி. குளிர்ச்சி மண்ணில் இல்லை. மண்ணின் துளையில் இருக்கிறது. பத்து வயதுக் குழந்தை இதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னால் அதன் முகத்தில் வரும் ஒளிக்கு எந்தப் பரிசும் ஈடாகாது!

கணக்கை மாற்றாதே!

மூன்று நாள் சோதனையில் இரண்டாம் நாள் மழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அன்று பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிரவில்லை. குழந்தை கலங்கிப் போகிறது.

"அம்மா, கணக்கு தப்பாக வந்துவிட்டது. நேற்று எழுதியதையே இன்றைக்கும் எழுதிவிடட்டுமா?"

இந்த ஒரு நிமிடம்தான் மிக முக்கியமான நிமிடம். "எழுதிவிடு கண்ணு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று தாய் சொல்லிவிட்டால், குழந்தை அன்று கற்றுக்கொள்வது விஞ்ஞானம் அல்ல, பொய்!

"வந்ததை அப்படியே எழுது. இன்றைக்கு மழை பெய்ததே, அதனால் இருக்குமோ?" என்று தாய் கேட்டால், குழந்தை புது வழியில் யோசிக்கத் தொடங்கும். மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் துணி சீக்கிரம் உலருவதில்லை. பானையின் கசிவும் சீக்கிரம் உலராது. அதனால்தான் குளிர்ச்சி குறைந்தது! "தப்பாக" வந்த கணக்குதான் சோதனையின் சிறந்த பகுதி.

அழகான மாடலைவிட, உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் உயர்ந்தது. ம்பெம்பாவும் கண்டதைத்தான் சொன்னான். எமிலியும் வந்த கணக்கைத்தான் எழுதினாள்.

மழையையும் அளக்கலாம்

மழைக்காலத்தில் கண்காட்சி வந்தால் மழையையே சோதனைப் பொருளாக்கலாம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. கண்காட்சிகளிலும் அட்டை வீடு, பிளாஸ்டிக் குழாய் என்று மழைநீர் சேகரிப்பு மாடல்கள் வரிசையாக நிற்கும். ஆனால் "உன் வீட்டு மாடியில் எவ்வளவு மழைநீர் கிடைக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பதில் சொல்வது எளிது. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தால் போதும். மழை விட்டதும் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். மாடி 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 50 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்! 15 லிட்டர் குடத்தால் 66 குடம்! இதில் கொஞ்சம் சிதறியும் உலர்ந்தும் போகும். அது எவ்வளவு என்று பார்ப்பது அடுத்த சோதனை.

66 குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்று குழந்தை சொன்னால், அந்த வீட்டுக் குழாய் அடைப்பை அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சரி செய்துவிடுவார்!

பெற்றோர் செய்ய வேண்டியவை

கண்காட்சிக்கு நான்கு வாரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

முதல் வாரம் கேள்வியைத் தேடும் வாரம். குழந்தை பத்துக் கேள்வி கேட்கட்டும். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டாவது வாரம் பொருள் சேர்க்கும் வாரம். வீட்டில் இருப்பது முதலில், பக்கத்து வீட்டில் இரவல் அடுத்து, கடை கடைசியில்.

மூன்றாவது வாரம் சோதனை வாரம். குழந்தை அளக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம். பென்சில் குழந்தையின் கையிலேயே இருக்க வேண்டும்.

நான்காவது வாரம் எழுதும் வாரம், பேசிப் பழகும் வாரம். ஓர் அட்டையில் நான்கு விஷயங்கள் போதும்: கேள்வி என்ன? எப்படிச் செய்தேன்? என்ன கண்டேன்? ஏன் அப்படி? எழுத்து கோணலாக இருக்கட்டும், பரவாயில்லை. அது குழந்தையின் எழுத்து! தாத்தா பாட்டியை நடுவர்களாக உட்கார வைத்து விளக்கச் சொல்லலாம். பாட்டிக்குப் புரிந்துவிட்டால் நடுவருக்கும் புரிந்துவிடும்.

பெரியவர்களே செய்ய வேண்டிய வேலையும் உண்டு. அது காவல் வேலை. அடுப்பு, கூரிய கத்தி, அமிலம் ஆகியவற்றைக் குழந்தை தனியாகத் தொடக் கூடாது. மின்சார மாடலுக்கு டார்ச் லைட் பாட்டரி போதும். ஒரு செல்லில் இருப்பது 1.5 வோல்ட். வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். அது உயிரைக் குடித்துவிடும். சுவர் மின்சாரத்தைக் கொண்டு குழந்தை எதையும் செய்யக் கூடாது.

கைப்பேசியில் ஆயிரம் சோதனைகள் படமாகக் கிடைக்கின்றன. பார்ப்பதில் தவறில்லை. ஆனால் படத்தில் பார்த்ததை அப்படியே நம்பாமல் செய்து பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகினால் மின்சாரம் வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு பழத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் டார்ச் பல்பு எரியாது. சின்ன எல்.இ.டி. விளக்கு மினுக்கவே மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைக்க வேண்டும். "ஏன் ஒரு பழம் போதாது?" என்று குழந்தை கேட்டால், அந்தப் பழத்துக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.

பள்ளிகள் செய்ய வேண்டியவை

பெற்றோரை மட்டும் திருத்திப் பயனில்லை. பள்ளிகளுக்கும் பங்கு உண்டு.

இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் குழந்தை என்ன செய்யும்? கடைக்குத்தான் ஓடும். ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். தெர்மாமீட்டர், தராசு, அளவு ஜாடி ஆகியவற்றை ஏழை மாணவர்களுக்கு இரவல் கொடுக்க வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் கருவி யாருக்கும் பாடம் சொல்லாது.

நடுவர்கள் பளபளப்புக்கு மார்க் போடக் கூடாது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். "இதில் எதை நீ செய்தாய்? எங்கே தவறினாய்? பிறகு என்ன செய்தாய்?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகள் கேட்கப்படும் என்று தெரிந்துவிட்டால், செய்து வைத்த மாடல்களுக்குக் கிராக்கி தானே குறைந்துவிடும்.

பெரிய வாய்ப்புகளும் காத்திருக்கின்றன. மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை நடத்தும் "இன்ஸ்பயர் மானக்" திட்டத்தில், மாணவர்களின் சொந்த யோசனைகளைப் பள்ளிகள் அனுப்பி வைக்கலாம். தேர்வு பெறும் மாணவருக்கு மாடல் செய்ய 10,000 ரூபாய் கிடைக்கிறது. அங்கே கேட்பது சொந்த யோசனை. கடையில் வாங்கிய எரிமலை அங்கே செல்லாது!

எது வெற்றி?

கண்காட்சியில் முதல் பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றக் குழந்தைகள் எல்லாம் தோற்றவர்களா?

இல்லை. தானே கேட்டு, தானே அளந்து, தானே விடை கண்ட குழந்தை ஒரு பெரிய சொத்தோடு வீடு திரும்புகிறது. நாளைக்கு ஒருவர் வந்து, "இந்த மருந்தைச் சாப்பிட்டால் எல்லா வியாதியும் போகும்" என்பார். இன்னொருவர், "இந்தச் சீட்டில் போட்ட பணம் ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும்" என்பார். கைப்பேசியில் ஆயிரம் வதந்திகள் வரும். "அப்படியா? எப்படித் தெரியும்? சோதித்துப் பார்த்தீர்களா?" என்று அந்தக் குழந்தை கேட்கும். அப்படிக் கேட்கிறவரை ஏமாற்றுவது லேசல்ல.

அந்தக் கேள்வியைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. பணமும் தேவையில்லை. "நீயே செய்து பார், கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரும் பொறுமை போதும்.